கம்ப்யூட்டர் திக்குகிறதா? முதலில் காரணம் தேடு, அப்புறம் காசு கேள்!



கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டுகிறீர்கள். வளைவு வரும் நேரம் பார்த்து, படம் அப்படியே நிற்கிறது. மறுபடி ஓடத் துவங்கும்போது, உங்கள் கார் பள்ளத்தில் கிடக்கிறது. கோபம் வருமா, வராதா? கட்டாயம் வரும்!

உடனே என்ன செய்கிறீர்கள்?

'அப்பா... இந்த கம்ப்யூட்டர் வேஸ்ட். புது கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் கொடுங்க!' என்று ஆரம்பித்து விடுகிறீர்கள்.

இங்கே தான், உங்களோடு எனக்கு ஒரு சின்ன சண்டை இருக்கிறது!

கேம் ஆடாதே என்று சொல்ல வரவில்லை. அதை உங்கள் அம்மாவே தினமும் சொல்லிக் கொண்டிருப்பார். காரணம் தெரியாமல் காசு கேட்காதே என்பது தான் என் கட்சி. காரணத்தைக் கண்டுபிடித்து விட்டால், பல நேரம் காசே தேவைப்படாது. தேவைப்பட்டாலும், எதற்கு, எவ்வளவு என்று சரியாகத் தெரிந்து விடும்.

அது என்ன பிரேம் ரேட்?

நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில், பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி, ஒரு பொம்மை வரைந்திருப்பீர்கள். பக்கங்களை, 'சர்'ரென்று புரட்டினால் பொம்மை ஓடும். டீச்சரிடம் அடியும் வாங்கியிருப்பீர்கள்!

சினிமாவும் இதே வித்தை தான். தியேட்டரில் ஒரு விநாடிக்கு, 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு படத்துக்கும், 'பிரேம்' என்று பெயர். ஒரு விநாடிக்கு எத்தனை பிரேம் என்பது தான் பிரேம் ரேட். 'எப்.பி.எஸ்.,' என்று நீங்கள் சொல்வதும் இதைத் தான்.

சினிமாவுக்கும், கேமுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சினிமா முன்பே எடுத்து வைக்கப்பட்டது. கேமில் நீங்கள் இடது பக்கம் திரும்புவீர்களா, வலது பக்கம் திரும்புவீர்களா என்று யாருக்குமே தெரியாது. அதனால், ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டர் அந்த நேரத்தில் தான் புதிதாக வரைகிறது.

ஒரு கணக்குப் போடுவோமா? ஒரு விநாடி என்பது, 1,000 மில்லி விநாடி. விநாடிக்கு, 60 படம் வேண்டும் என்றால், ஒரு படம் வரையக் கிடைக்கும் நேரம், 16.7 மில்லி விநாடி மட்டுமே! 30 படம் போதும் என்றால், 33.3 மில்லி விநாடி கிடைக்கும். இந்த நேரத்துக்குள் வரைந்து முடிக்கவில்லை என்றால், திரையில் பழைய படமே நிற்கும். அதைத் தான் நாம், 'திக்குது, இழுக்குது' என்கிறோம்.

இந்தத் திக்கல் இன்று, நேற்று வந்ததல்ல. 1978ல் ஜப்பானில், 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டு வந்தது. அதை உருவாக்கியவர், டொமோஹிரோ நிஷிகாடோ. திரையில், 55 வேற்றுக்கிரகவாசிகள் வரிசையாக இறங்கி வருவர். நாம் சுட வேண்டும். அத்தனை பேரையும் நகர்த்த முடியாமல், அந்தக் காலக் கம்ப்யூட்டர் திணறியது. எல்லாரும் மெதுவாக வந்தனர். சுடச் சுட எண்ணிக்கை குறைந்தது. வேலை குறைந்ததும், மீதிப் பேர் வேகமாக ஓடி வந்தனர்! 'அட... ஆட்டம் இன்னும் சூடு பிடிக்கிறதே' என்று, நிஷிகாடோ அதை அப்படியே விட்டு விட்டார்.

இதிலிருந்து ஒன்று புரிகிறதா? வேலை கூடினால் வேகம் குறையும். வேலை குறைந்தால் வேகம் கூடும். இது தான் நம் முதல் பாடம்.

பால்கோவா கடை கணக்கு!

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு, 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த பால்கோவா தயாராகும் இடத்தை எட்டிப் பாருங்கள். ஒருவர் அடுப்படியில் நின்று, பாலைக் கிண்டிக் கொண்டே இருப்பார். இன்னொருவர் எடை போட்டு, பொட்டலம் கட்டுவார்.

கிண்டுகிறவர் ஒரு சட்டி இறக்குவதற்குள், பொட்டலம் கட்டுகிறவர் பழைய சரக்கை முடித்து விட்டு, கையைக் கட்டி நிற்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். 'வியாபாரம் மெதுவாக நடக்கிறது' என்று முதலாளி, பொட்டலம் கட்ட இன்னும் இரண்டு பேரை வேலைக்கு வைத்தால் என்ன ஆகும்? மூன்று பேர் கையைக் கட்டி நிற்பர். அவ்வளவு தான்! அடுப்பை அல்லவா கூட்ட வேண்டும்?

கம்ப்யூட்டரிலும் இப்படி இரண்டு பேர். 'பிராசசர்' என்ற சி.பி.யூ., அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. 'கிராபிக்ஸ் கார்டு' அதைப் படமாக வரைகிறது. பிராசசர் திணறும்போது, விலை கூடிய கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டினால், அது சும்மா தான் உட்கார்ந்திருக்கும். அப்பாவின் பணம் போனது தான் மிச்சம்.

திணறுவது யார் என்று தெரிந்து கொள்ள, ஒரு சுலபமான சோதனை உண்டு. கேமின், 'செட்டிங்'சில் ரெசல்யூஷனைக் குறையுங்கள். 1920 பெருக்கல் 1080 என்றால், ஒரு படத்தில், 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். அதையே, 1280 பெருக்கல் 720 ஆக்கினால், 9 லட்சத்து 21 ஆயிரத்து 600 புள்ளிகள் தான். வரைகிற வேலை பாதிக்கும் கீழே போய் விடும். முடிவு செய்கிற வேலை மாறாது.

இப்போது பிரேம் ரேட் நன்றாக ஏறினால், திணறியது வரைகிறவர். கொஞ்சமும் ஏறவில்லை என்றால், சிக்கல் வேறு இடத்தில். பைசா செலவில்லாத பரிசோதனை இது!

பஞ்சு செய்த வேலை

எங்கள் ராஜபாளையம், பஞ்சும் நூலுமாக வளர்ந்த ஊர். பி.ஏ.சி.ராமசாமி ராஜா, 1936ல் ராஜபாளையம் மில்லைத் துவக்கினார். பக்கத்தில் சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்றது.

ஸ்பின்னிங் மில்லில் ஒரு மெஷினில் நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில்கள் சுற்றும். ஒன்றில் நூல் அறுந்தால், எது என்று தேடிப் போய், அந்த நூலை மட்டும் ஒட்டி விடுவர். 'நூல் அறுந்து விட்டது. புது மெஷின் வாங்குங்கள்' என்று யாரும் சொல்வதில்லை!

எங்கள் தெருவில், ஏழாம் வகுப்பு படிக்கும் மாணவன் ஒருவன் இருக்கிறான். அவன் அப்பாவுக்கு, பேண்டேஜ் தறியில் வேலை. மாமா கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் தான் பையன் விளையாடுவான். கேம் திக்கியது. ஒரு கடையில் கேட்டதற்கு, 'கிராபிக்ஸ் கார்டை மாத்தணும். 20 ஆயிரத்துக்கு மேலே ஆகும்' என்று சொல்லி விட்டனர். அது அவன் அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகம்.

''டீச்சர்... நீங்க கொஞ்சம் அப்பாகிட்ட சொல்லுங்களேன்,'' என்று என்னிடம் வந்தான்.

''சொல்றேன்பா. முதல்ல ஒண்ணு சொல்லு... ஆரம்பத்துலயே திக்குதா, போகப் போகத் திக்குதா?'' என்றேன்.

விழித்தான்.

''ஒரு நோட்டு எடு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, பிரேம் ரேட்டை எழுது. ரெண்டு நாள் கழிச்சு வா,'' என்று அனுப்பினேன்.

மூன்றாம் நாள் நோட்டோடு வந்தான். முதல் ஐந்து நிமிடத்தில், 58. கால் மணி நேரத்தில், 41. அரை மணி நேரத்தில், 22. கம்ப்யூட்டரை நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால், மறுபடி, 58! இரண்டு நாளும் இதே கதை தான்.

கேம் மாறவில்லை, கார்டு மாறவில்லை. மாறியது என்ன? சூடு!

அளவுக்கு மீறி சூடானால், பிராசசரும், கிராபிக்ஸ் கார்டும் தங்களைக் காப்பாற்றிக் கொள்ள, தாங்களாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். வெயிலில் ஓடியவன், மூச்சு வாங்கி நடப்பது போல. எங்கள் பக்கத்து சித்திரை வெயிலில், அறையே அடுப்பு மாதிரி இருக்கும்போது கேட்கவே வேண்டாம்.

அவன் அப்பா, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒருவரை வரவழைத்தார். கேபினட்டைத் திறந்தால், பேனிலும், அதன் கீழே இருக்கும் தகடுகளிலும், மெத்தை போல பஞ்சுத் தூசி! மில்லில் மெஷின்களுக்கு மேலே புளோயர் ஓடி, பஞ்சை ஊதித் தள்ளிக் கொண்டே இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு யார் ஊதுவது? ஊதி சுத்தம் செய்து, சுவரை ஒட்டி இருந்த கேபினட்டை ஒரு சாண் தள்ளி வைத்தார். கூலி, 300 ரூபாய். வேலை முடிந்தது!

அந்த, 20 ஆயிரத்தைக் காப்பாற்றியது யார்? ஊதியவரா? நோட்டில் எழுதியவன் என்பேன் நான்.

'எப்போதிலிருந்து?'

டாக்டரிடம் போனால், முதலில் என்ன கேட்பார்? 'எத்தனை நாளா இருமல்? அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டே?' என்று தானே. கம்ப்யூட்டருக்கும் அதே கேள்வி தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. ஒன்பதாம் வகுப்பு மாணவி. அண்ணனின் கம்ப்யூட்டரில், கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. திடீரென கேம் நத்தை மாதிரி ஊர்ந்தது. 'கார்டு போச்சு' என்று அண்ணன் முடிவே கட்டி விட்டான். தங்கை தான், 'எப்போதிலிருந்து?' என்று யோசித்தாள். பொங்கலுக்கு வெள்ளையடித்த பிறகு!

வெள்ளையடிக்க, எல்லா வயரையும் கழற்றி, மறுபடி மாட்டியிருந்தனர். மானிட்டர் வயரை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல், மேலே உள்ள மதர்போர்டின் ஓட்டையில் செருகி விட்டனர். கார்டு சும்மா இருக்க, பிராசசரோடு ஒட்டிப் பிறந்த சின்ன கிராபிக்ஸ் தான் எல்லாப் படத்தையும் வரைந்து கொண்டிருந்தது. வயரை இடம் மாற்றினாள், கேம் பறந்தது. செலவு, பூஜ்யம்!

நீங்களும் கண்டுபிடிக்கலாம்!

நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தியவள். சோதனைக்கு ஒரே ஒரு விதி தான் சொல்லிக் கொடுப்பேன். ஒரு நேரத்தில், ஒன்றை மட்டும் மாற்று. மாற்றும் முன்னும், பின்னும் எழுதி வை. ஒரே நாளில் நான்கை மாற்றினால், சரியானது எதனால் என்று யாருக்கும் தெரியாது.

விண்டோஸ் பட்டனையும், 'ஜி' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், விண்டோஸ் 10, 11ல் பிரேம் ரேட்டைப் பார்க்கும் வசதி வரும். பிறகு, இந்த வரிசையில் போங்கள்:

* நெட் பிரச்னையா, படப் பிரச்னையா? உங்கள் சாலை வழுக்கிக் கொண்டு ஓடுகிறது. மற்றவர்களின் கார்கள் மட்டும் இங்கும், அங்கும் தாவுகின்றன என்றால், குற்றவாளி இன்டர்நெட். கேமராவைத் திருப்பும்போதே படம் திக்கினால் தான் பிரேம் பிரச்னை. நெட் தேவைப்படாத ஒரு கேமை ஆடிப் பாருங்கள். உண்மை தெரிந்து விடும்.

* எப்போதிலிருந்து? அதற்கு முன் என்ன மாறியது? புது அப்டேட்டா, புது சாப்ட்வேரா, இடம் மாற்றினீர்களா?

* லேப்டாப் என்றால், சார்ஜர் மாட்டியிருக்கிறதா? பேட்டரியில் ஓடும்போது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க லேப்டாப் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். மெத்தை மேல் வைத்து ஆடினால், காற்று போகும் வழி அடைபடும்.

* பின்னால் யார் ஓடுகின்றனர்? கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், 'டாஸ்க் மேனேஜர்' வரும். பிரவுசரில், 30 பக்கங்களைத் திறந்து வைத்து விட்டு, 'மெமரி' நிரம்பி விட்டதே என்று அழுதால் எப்படி?

* ரெசல்யூஷன் சோதனை. மேலே சொன்னேனே, அது தான். அதோடு, நிழல் போன்ற, 'செட்டிங்'குகளை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பாருங்கள்.

* சூடு. பையன் போட்ட பட்டியல் மாதிரி, நேரத்தையும், பிரேம் ரேட்டையும் எழுதுங்கள்.

* கிராபிக்ஸ் கார்டின், 'டிரைவர்' சாப்ட்வேர் பழையதா? கார்டு தயாரித்த கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும், பெரியவர்கள் துணையோடு இறக்குங்கள். 'ஒரே கிளிக்கில் வேகம் இரட்டிப்பு' என்று இலவசமாக வரும் சாப்ட்வேர்கள் பக்கமே போகாதீர்கள். வேகம் வராது, வைரஸ் வரலாம்!

ஒரு கண்டிப்பான விதி: கேபினட்டை நீங்களாகத் திறக்கக் கூடாது. ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின், பெரியவர்கள் தான் திறக்க வேண்டும். உள்ளே, 'எஸ்.எம்.பி.எஸ்.,' என்று ஒரு பெட்டி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அந்தப் பெட்டியை வீட்டில் யாருமே பிரிக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் உங்கள் கம்ப்யூட்டரே காரணம் என்றும் நினைக்காதீர்கள். 2015 ஜூனில், 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' என்ற, பெரியவர்களுக்கான கேம் வந்தது. கம்ப்யூட்டரில் அது மோசமாகத் திக்கியது. விலை உயர்ந்த கார்டு வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. தவறு கேமில் தான் இருந்தது. வந்த சில நாட்களிலேயே கம்ப்யூட்டர் பதிப்பின் விற்பனையை நிறுத்தி, அக்டோபரில் தான் திரும்பக் கொண்டு வந்தனர். அந்த ஜூன் மாதத்தில், அந்தக் கேமுக்காக அவசரப்பட்டுப் புது கார்டு வாங்கியிருந்தால், யாருக்கு லாபம்?

'அப்போ... வாங்கவே கூடாதா டீச்சர்?'

கூடாது என்று சொல்லவில்லை. 2011ல் தமிழக அரசு, பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் துவங்கியது. அக்காவுக்கு அப்படிக் கிடைத்த லேப்டாப், சில வீடுகளில் இன்னும் இருக்கும். அது படிப்புக்காகக் கொடுத்தது. இன்றைய பெரிய கேம்களை அதில் ஓட்டச் சொல்வது, சைக்கிளில் நெல் மூட்டை பத்து ஏற்றுவது மாதிரி! சைக்கிள் மேல் என்ன குற்றம்?

ஒவ்வொரு கேமும், குறைந்தது என்ன கம்ப்யூட்டர் வேண்டும் என்று சொல்லியே வருகிறது. உங்களிடம் இருப்பது அதற்கும் கீழே என்றால், எந்தச் சோதனையும் மாயம் செய்யாது. அப்போது இரண்டு வழி. இருக்கிற கம்ப்யூட்டருக்கு ஏற்ற கேமை ஆடலாம். சதுரங்கம் ஆட, 60 பிரேம் எதற்கு? அல்லது, வீட்டில் வசதி இருந்தால், வாங்கித் தரும்படி கேட்கலாம்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அடம் பிடித்து, சாப்பிடாமல் படுத்துக் கேட்பது ஒரு முறை. 'அப்பா, இந்த ஏழு சோதனையும் செய்தேன். இது தான் பட்டியல். கார்டு தான் திணறுகிறது. அவசரமில்லை, முடியும்போது பார்க்கலாம்' என்று, ஒரு பக்க நோட்டைக் காட்டிக் கேட்பது இன்னொரு முறை. எந்தப் பிள்ளையின் பேச்சுக்கு வீட்டில் மதிப்பு இருக்கும்?

இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 'எப்பப் பார்த்தாலும் கேமு' என்று திட்டுங்கள். அது உங்கள் உரிமை! ஆனால், பிள்ளை நோட்டோடு வந்தால், ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவன் காட்டுவது கேம் கணக்கு மட்டுமல்ல. தண்ணீர் ஏறாத மோட்டாரையும், கணக்கில் குறைந்த மார்க்கையும், நாளை அவன் இதே வழியில் தான் ஆராய்வான்.

'யாரோ சொன்னார்கள்; வாங்கினேன்' என்று வாழ்கிறவர்கள் நிறைய பேர். 'நான் பார்த்தேன், இது தான் காரணம்' என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் பேர். நீங்கள் அந்தக் கொஞ்சம் பேரில் இருக்க வேண்டும் என்பது தான், இந்த டீச்சரின் ஆசை.

இந்த ஞாயிறு, ஒரு நோட்டும், பேனாவும் எடுத்துக் கொண்டு, கம்ப்யூட்டர் முன் உட்காருங்கள். ஒரே ஒரு சோதனை போதும். படிப்பை முடித்து விட்டுத் தான், சரியா?

- ஓய்வு பெற்ற ஆசிரியை, ராஜபாளையம்.